எட்டு டம்ளர் கணக்கு யாருக்கு?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2025 ஜூன் கடைசியில் புதிதாக ஒரு மணி அடிக்கத் தொடங்கியது. காலை 11, பகல் 1, பிற்பகல் 3. மணிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நாலு மடக்குக் குடிக்க வேண்டும். ‘வாட்டர் பெல்’ என்று பெயர். கேரளம் 2019-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் காலையில் கொண்டுபோன பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்ற பெற்றோர்களின் பழைய புலம்பலுக்கு அரசு சொன்ன பதில் இது.

பாட்டில் ஏன் நிறைந்தபடியே திரும்புகிறது என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கேட்டால் பதில் உடனே வரும்: குடித்தால் போக வேண்டியிருக்கும், போனால் அங்கே தாழ்ப்பாள் இல்லை. எத்தனை மணி அடித்தாலும் அந்தப் பிள்ளை உதட்டை நனைத்துவிட்டு பாட்டிலை மூடிவிடும்.

இன்னொரு பக்கம், குளிர்சாதன அலுவலகங்களின் மேசைகளில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று நிற்கிறது. அதன் பக்கவாட்டில் கோடு போட்டு நேரம் குறித்திருக்கும்: ஒன்பது மணிக்கு இதுவரை, பதினொன்றுக்கு இதுவரை, மூன்று மணிக்கு ‘இன்னும் கொஞ்சம்தான்!’ தவறினால் நினைவூட்டக் கைபேசியில் செயலி இருக்கிறது. வியர்வையே பார்க்காத உடம்புக்கு இவ்வளவு கண்காணிப்பு. வெயிலில் காயும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ‘ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?’ என்ற கேள்வி, விடை தேவைப்படாதவர்களிடம்தான் அதிகம் புழங்குகிறது.

எட்டு டம்ளர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. பலரும் கைகாட்டுவது 1945-ஐ. அந்த ஆண்டு அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம், சாப்பிடும் ஒவ்வொரு கலோரிக்கும் 1 மில்லி லிட்டர் என்ற கணக்கில், வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டர் நீர் போதும் என்றது. கூடவே, அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் எழுதியது. முதல் வாக்கியம் ஊர் ஊராகப் போனது. இரண்டாவது வாக்கியம் வழியிலேயே தொலைந்தது.

அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவக் கல்லூரியில் சிறுநீரகத்தின் இயக்கத்தையே வாழ்நாள் பாடமாகக் கொண்டிருந்த ஹைன்ஸ் வால்டின், ஓய்வுபெற்ற பிறகு, எட்டு அவுன்ஸ் டம்ளரில் எட்டு, அதாவது சுமார் 1.9 லிட்டர் தண்ணீர், தினமும் குடித்தாக வேண்டும் என்பதற்கு ஆதாரம் தேடிக் கிளம்பினார். 2002-இல் அமெரிக்க உடலியங்கியல் இதழில் அவர் வெளியிட்ட முடிவு: அப்படியோர் ஆதாரம் கிடைக்கவில்லை. மிதமான தட்பவெப்பத்தில், உட்கார்ந்து வேலை செய்யும் ஆரோக்கியமானவர்களைப் பற்றியே தான் பேசுவதாக அவர் கவனமாகக் கோடு போட்டிருந்தார். மதுரையின் மே மாதம் அந்தக் கோட்டுக்குள் வராது. ஆனால் மதுரையிலேயே பகல் முழுக்க ஏசி அறையில் இருப்பவர் அதற்குள் வந்துவிடுவார்.

ஆதாரம் இல்லாத எண் இவ்வளவு காலம் நிற்பதற்கு வியாபாரமும் ஒரு காரணம். 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஸ்காட்லாந்து மருத்துவர் மார்கரெட் மெக்கார்ட்னி இதைப் போட்டு உடைத்தார். ‘ஆரோக்கியத்துக்கு நீர்ச்சத்து’ என்று மருத்துவர்களிடையே நடந்த பிரசாரத்தின் புரவலர், எவியான், வோல்விக் தண்ணீர் பாட்டில்களை விற்கும் டானோன் நிறுவனம் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். தண்ணீர் விற்பவர் தண்ணீர் குடிக்கச் சொல்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதை மருத்துவ உண்மையாக நாம் ஏற்றுக்கொண்டதுதான் அதிசயம்.

தொலைந்துபோன அந்த இரண்டாவது வாக்கியம் தமிழர் சாப்பாட்டில் கண்கூடு. வடித்த சோற்றில் எடைக்கு எடை ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர்தான். அதன்மேல் சாம்பார், பிறகு ரசம், கடைசியில் மோர். பழைய சோற்றை நீராகாரத்தோடு குடித்துவிட்டு வயலுக்குப் போனவர் ஒரு டம்ளர்கூடக் ‘குடிக்காமல்’ அரை லிட்டருக்கு மேல் நீரோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர். ரொட்டியும் வறுத்த இறைச்சியும் சாப்பிடும் ஊரின் எண்ணை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். வெள்ளரிக்காயும் தர்பூசணியும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். நுங்கும் இளநீரும் சொல்லவே வேண்டாம்.

டீ, காபி கணக்கில் சேராது, குடித்ததைவிட அதிகமாக வெளியேற்றிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. 2014-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், வழக்கமாகக் காபி குடிக்கும் 50 ஆண்களுக்கு மூன்று நாள் காபியும், வேறு மூன்று நாள் அதே அளவு தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் நீர்நிலையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சாப்பாட்டை ஒட்டி டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் காபந்து பண்ணுவதற்காக. அது வேறு வழக்கு.

அப்படியானால் அறிவியல் அமைப்புகள் என்ன எண் சொல்கின்றன? அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2004-இல் ஆணுக்கு 3.7 லிட்டர், பெண்ணுக்கு 2.7 லிட்டர் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் 2.5, 2 என்று நிறுத்திக்கொண்டது. இரண்டுமே உணவு, பானம் எல்லாவற்றிலும் இருந்து கிடைக்கும் மொத்த நீரைச் சொல்பவை. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், குடிநீராக எட்டு டம்ளர், சுமார் 2 லிட்டர் என்கிறது. வெயிலிலும் கடும் உழைப்பிலும் கூடும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆணுக்கான எண்ணில் மட்டும் அட்லாண்டிக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம்! காரணம் எளிது. இவை ஆரோக்கியமானவர்கள் வழக்கமாக எவ்வளவு நீரை உட்கொள்கிறார்கள் என்று பார்த்து வகுத்த எண்கள். இதற்குக் குறைந்தால் நோய் வரும் என்ற எல்லைக்கோடு அல்ல. பெரும்பாலான ஆரோக்கியமானவர்களுக்குத் தாகமே போதுமான வழிகாட்டி என்பதையும் அந்த அமெரிக்க அறிக்கையே சொல்லிவிட்டது.

உடம்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் புரள்கிறது என்பதை 2022 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அளந்து காட்டியது. 23 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 96 வயது முதியவர் வரை 5,604 பேர். அடையாளமிட்ட நீரைக் குடிக்கவைத்து, அது உடம்பிலிருந்து கரையும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். இருபதுகளில் உள்ள ஆண்களுக்குச் சராசரி 4.2 லிட்டர். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் குடத்தைத் தூக்க வேண்டியதில்லை. உணவில் வருவது, உணவு எரியும்போது உடம்பே உண்டாக்குவது, மூச்சிலும் தோலிலும் நடக்கும் பரிமாற்றம் எல்லாம் போகக் குடிக்க வேண்டியது அதில் பாதிக்கும் குறைவு. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், உடல் உழைப்பு, வயது, உடல்வாகு, கர்ப்பம் ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றி இறக்கியது. ஊருக்கெல்லாம் ஒரே எண் பொருந்தாது என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. ரத்தத்தின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் விழித்துக்கொள்கிறது. வாசோபிரஸின் என்ற ஹார்மோன் சுரக்க, சிறுநீரகம் நீரைச் சிக்கனமாகப் பிடித்துவைக்கிறது. அது போதாதபோது தாகம் எடுக்கிறது. நீர் அதிகமானால் ஹார்மோன் அடங்கி, சிறுநீர் வெளுத்துப் பெருகுகிறது. ஒரே நாளின் கழிவை அரை லிட்டரில் கெட்டியாகவும் வெளியேற்ற முடியும், பத்து லிட்டருக்கு மேலான நீரில் கரைத்தும் வெளியேற்ற முடியும். சிறுநீரகத்தின் வீச்சு அவ்வளவு பெரியது. எனவே, ஒன்றரை லிட்டர் குடிக்கிற ஆரோக்கியமானவரும் மூன்று லிட்டர் குடிக்கிற ஆரோக்கியமானவரும் பரிசோதனைக் கூடத்தில் ஒரே மாதிரி ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ‘தாகம் எடுத்துவிட்டால் அப்போதே நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று அர்த்தம்’ என்ற வாட்ஸ்அப் ஞானத்தையும் வால்டின் மறுத்திருக்கிறார்: அடர்த்தி 2 சதவீதம் ஏறுவதற்குள் தாகம் வந்துவிடும், நீரிழப்பு என்று மருத்துவம் சொல்லும் நிலைக்கு 5 சதவீதமாவது ஏற வேண்டும்.

நிறுத்தவும் உடம்புக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழுவினர் 2016-இல், தாகமாக இருந்தவர்களையும், தாகம் தீர்ந்த பிறகு அளவுக்கு மேல் குடிக்கவைக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பிந்தைய நிலையில் ஒரு வாய் விழுங்கவே மூன்று மடங்கு சிரமமாக இருந்ததாம். தொண்டையே கதவைச் சாத்துகிறது. அதை முட்டித் திறப்பவர்களுக்கு ஆபத்து உண்டு. சிறுநீரகத்தால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கும். 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில், ஒரு வானொலி நிலையம் சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு வீடியோ கேம் பரிசு என்று போட்டி நடத்தியது. கலந்துகொண்ட பெண் ஒருவர் அன்றே இறந்தார். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. வழியெங்கும் நீட்டப்பட்ட கோப்பைகளை விடாமல் வாங்கிக் குடித்து, ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களே அதில் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

தாகத்தை நம்பக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் எண் வேண்டும். முதலில் வயதானவர்கள். 1984-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 67 முதல் 75 வயதுவரையான ஏழு ஆண்களையும் ஏழு இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் வைத்திருந்தார்கள். பெரியவர்களின் ரத்தம்தான் அதிகம் அடர்ந்திருந்தது. ஆனால் தண்ணீர் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வீட்டில் தாத்தா, பாட்டி ‘எனக்கு ஒண்ணும் வேணாம்பா’ என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்காமலே ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து, ஒருமுறை சிறுநீரகக் கல் வந்தவர்கள். இத்தாலியின் பார்மா நகரில் இவர்களில் 199 பேரை ஐந்தாண்டு கவனித்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது. சிறுநீர் நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் போகும்படி குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்குத்தான் கல் திரும்ப வந்தது. பழையபடியே இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு வந்தது. இங்கே அளவு குடிப்பதில் இல்லை, கழிப்பதில் இருக்கிறது என்பதைக் கவனிக்கலாம். அடிக்கடி சிறுநீர்த் தொற்றால் அவதிப்பட்ட, குறைவாகத் தண்ணீர் குடித்த 140 பெண்களிடம் 2018-இல் நடந்த ஆய்விலும், தினம் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இதையெல்லாம் வைத்து, தண்ணீர் சிறுநீரகத்துக்கு எல்லா நிலையிலும் மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 631 பேரிடம் கனடாவில் நடந்து, அதே 2018-இல் வெளியான ஆய்வில், கூடுதல் தண்ணீர் நோயின் வேகத்தை ஓராண்டில் தணிக்கவில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் மருத்துவர் சொல்லும் அளவே சட்டம். நேற்று எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு அரை லிட்டர் என்று அளந்து, வறண்ட நாக்கில் ஐஸ் துண்டை வைத்துச் சமாளிப்பவர்களிடம் போய் ‘தண்ணி நிறையக் குடிங்க’ என்பது கொடுமை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் நீர்தான். கோடையிலும் அது போதும்.

மற்ற எல்லோருக்கும் கழிப்பறையிலேயே கணக்கு முடிந்துவிடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. தேன் நிறத்துக்குப் போனால் குடிக்க வேண்டும். தண்ணீர் போலவே வெளுத்திருந்தால் கொஞ்சம் நிறுத்தலாம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட நாளில் பளீர் மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ரைபோஃப்ளேவின் செய்யும் வேலை. எண்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர், கிலோவுக்கு 30 முதல் 35 மில்லி என்ற மருத்துவமனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ உள்ளவருக்கு 1.8 முதல் 2.1 லிட்டர்; ரசமும் டீயும் அதற்குள் அடக்கம்.

வெயிலில் உழைப்பவரிடம் இந்தக் கணக்கு செல்லாது. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகும். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தெரிந்துவிடும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். இவர்களுக்காக அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் வைத்திருக்கும் அளவு, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஆனால் மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது. வியர்வையோடு போன உப்பைச் சாப்பாடோ உப்புப் போட்ட மோரோ ஈடுகட்டிவிடும்.

அந்த ஒரு டம்ளரைக் குடிக்க விடுகிறார்களா என்பதுதான் விஷயம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழ்நாட்டு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், வெப்ப அழுத்தத்தோடு சிறுநீரகப் பாதிப்பு சேர்ந்து வருவதும் அதில் பதிவாயின. வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ பாத்தி பாத்தியாக விரிந்த உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, மறைவு கிடையாது. மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை அதையே திருப்பி அடிக்கும். பெண்கள் விடியலுக்கு முன்பே ஒதுங்கிவிட்டு வந்து, வேலை முடியும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்குவதற்காகவே குடிப்பதைக் குறைக்கிறார்கள். அவர்களிடம் எட்டு டம்ளர் என்றால் சிரிப்பார்கள்.

இது உப்பளத்தோடு நிற்பதில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் நாளெல்லாம் நின்றபடி, கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே ஒதுக்கினார்கள். தையல் தொழிலாளியான விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம், 2018-இல் கேரளத்தில் இருக்கை உரிமையில் போய் முடிந்தது. தமிழ்நாடு 2021-இல் அதே சட்டத்தைக் கொண்டுவந்தது. நம் கடைகளுக்கு நாற்காலி வந்திருக்கிறது. ஆனால் மூன்று மாடிக் கடையில் வாடிக்கையாளர் கூட்டம் நெரியும் தீபாவளி வாரத்தில், ஊழியர் பத்து நிமிடம் காணாமல் போனால் மேற்பார்வையாளர் முகம் எப்படி மாறும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும்.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. கரும்பு வெட்டும் இளைஞர்களின் சிறுநீரகம் கொத்துக் கொத்தாகப் பழுதான மத்திய அமெரிக்காவில், எல் சால்வடாரின் ஒரு சர்க்கரை ஆலை சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ‘தண்ணீர், ஓய்வு, நிழல்’ என்ற ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை, வெட்டும் இடத்துக்கே நகர்த்திப் போகும் நிழற்கூடாரம், குறித்த இடைவெளியில் கட்டாய ஓய்வு. அங்கே தண்ணீர் தனியாக வரவில்லை. ஓய்வையும் நிழலையும் கூட்டிக்கொண்டு வந்தது.

நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், குடிநீர் இருக்கும் இடத்தில் ‘குடிநீர்’ என்று தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும், கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கோடையில் அதைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்பதுவரை விவரமாக எழுதிவைத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. தண்ணீர்ப் பந்தலுக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்துக்கும் பேரிடர் நிதியைத் தொடலாம். 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டம், வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி என்று பட்டியல் போட்டது. கழிப்பறை அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மை பெண்கள். அரசியல் மாநாட்டுத் திடலில் நடமாடும் கழிப்பறைகளை வரிசையாக நிறுத்தத் தெரிந்த மாநிலம், வரும் அக்னி நட்சத்திரத்துக்குள் ஏரி தூர்வாரும் இடத்துக்கும் உப்பளத்துக்கும் தலா ஒன்றை அனுப்பத் தொடங்கலாம்.